மணி, திசை, உயரம்

எல்லைப் போஸ்டில் இரவுக் காவல் நிற்பவன் வானத்தில் புரியாத வெளிச்சம் ஒன்றைப் பார்த்துவிட்டால், அதைத் தன் மனதோடு வைத்துக்கொள்ள முடியாது. லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். வயர்லெஸ்ஸில் மேலே சொல்ல வேண்டும். மேலே இருப்பவர்கள் அதை விசாரித்து முடிக்க வேண்டும். பீரங்கிப் படையின் சர்வே பிரிவில் ஹவில்தாராகவும் பிறகு நாயப் சுபேதாராகவும் இருந்த எனக்கு அந்த விசாரணை பலமுறை வந்து சேர்ந்திருக்கிறது. பீரங்கி எந்த இடத்தில் நிற்கிறது, எந்தத் திசையை நோக்குகிறது என்று அளந்து கொடுப்பதுதான் சர்வேக்காரனின் வேலை. ஆனால் அந்த வட்டாரத்தில் கோணம் அளக்கும் தியோடலைட்டை நட்சத்திரத்துக்குத் திருப்பத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அதனால் வானத்தில் எது தெரிந்தாலும் அவனைக் கூப்பிடுவார்கள்.

போனதும் நான் கேட்பது மூன்று கேள்விகள். மணி என்ன? எந்தத் திசை? தொடுவானத்திலிருந்து எவ்வளவு உயரம்? நிறம், வடிவம், வேகம் எல்லாம் பிறகு. இருட்டில் ஒற்றை ஒளிப் புள்ளியைப் பார்க்கும் கண்ணுக்கு அதன் தூரம் தெரியாது. தூரம் தெரியாதபோது அளவும் தெரியாது, வேகமும் தெரியாது. பக்கத்தில் இருக்கும் சின்ன விளக்கும் கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கிரகமும் கண்ணில் விழும்போது ஒரே புள்ளிதான். ‘பெரிய உருண்டை, வேகமாக வந்தது’ என்று ஒருவன் சொன்னால் அது அவன் மனம் போட்ட கணக்கு. மணியும் திசையும் உயரமும் கருவி சொல்வது. அதை வைத்துத்தான் எதையும் தேட முடியும்.

இந்தப் பாடம் எனக்குக் கிடைத்தது மகாராஷ்டிரத்தில், தேவ்லாலி பீரங்கிப் பள்ளியில். வரைபடமும் குறிப்புக் கல்லும் கைகொடுக்காத இடத்தில் சரியான வடக்கை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அங்கே சொல்லித் தந்தார்கள். பகலில் சூரியனையும் இரவில் துருவ நட்சத்திரத்தையும் தியோடலைட்டில் பிடித்து, நேரத்தை நொடி சுத்தமாகக் குறித்து, பஞ்சாங்கத்தைப் புரட்டிக் கணக்குப் போட வேண்டும். துருவ நட்சத்திரம் வானத்தின் வட துருவத்திலிருந்து ஒரு பாகைக்கும் குறைவாகத்தான் விலகி நிற்கிறது. அந்தச் சின்ன விலகலையும் கழித்தால்தான் பீரங்கிக்குத் திசை சரியாக அமையும். அந்த நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் தெரிகிறதோ அதுவே ஏறத்தாழ நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. என் ஊர் ஆலங்காயம் பக்கம். அங்கே அது சுமார் 13 பாகை உயரத்தில்தான் தெரியும். லடாக்கில் 34 பாகையை ஒட்டி ஏறி நிற்கும். பஞ்சாங்கம் என்று நான் சொல்வது கொல்கத்தாவில் உள்ள பொசிஷனல் அஸ்ட்ரானமி சென்டர் ஆண்டுதோறும் வெளியிடும் வானியல் பஞ்சாங்கம். எந்தக் கிரகம் எந்த நாளில் வானத்தில் எங்கே நிற்கும் என்பது அதில் இருக்கும்.

பீரங்கிக்காரர்கள் கோணத்தைப் பாகையில் சொல்வதில்லை, மில் கணக்குதான். வட்டத்துக்கு 6,400 மில். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மீட்டர் அகலப் பொருள் கண்ணில் உண்டாக்கும் கோணம் ஏறத்தாழ ஒரு மில். இந்த ஒரு வாய்ப்பாடு தெரிந்தால் காகிதம் இல்லாமலே தூரக் கணக்குப் போடலாம். கருவி இல்லாத காவலாளிக்கும் வழி இருக்கிறது. கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் பத்துப் பாகை, அதாவது 180 மில் அளவில் வரும்.

காவல் போஸ்ட்களில் இந்தப் புகார்கள் பெரும்பாலும் அந்தியிலும் விடியலிலும் வருவதற்குக் காரணம் இருக்கிறது. ராணுவத்தில் ‘ஸ்டாண்ட்-டு’ என்று ஒரு வழக்கம் உண்டு. எதிரி தாக்க வசதியான நேரம் வெளிச்சம் மங்கும் நேரமும் வெளுக்கும் நேரமும் என்பதால், அந்த இரண்டு வேளையும் போஸ்டில் இருக்கும் எல்லோரும் ஆயுதத்தோடு அவரவர் இடத்தில் நிற்பார்கள். வெள்ளியும் வியாழனும் பளிச்சென்று கண்ணில் படும் நேரமும் அதுதான். ஊரில் அந்த வேளையில் வானத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. போஸ்டில் அத்தனை கண்களும் தொடுவானத்தின் மேலேயே இருக்கும்.

நான் பணியில் இருந்த லடாக்கின் காற்றும் இதில் பங்கு வகிக்கிறது. பாங்காங் ஏரிக் கரை ஏறக்குறைய 14,000 அடி உயரம். நம் சமவெளியில் தொடுவானத்தை ஒட்டித் தூசியும் ஈரமும் திரை கட்டி நிற்கும். நட்சத்திரம் அதற்குள் மங்கலாக உதித்து மெல்ல மெல்லப் பிரகாசமாகும். அங்கே அந்தத் திரையே கிடையாது. மலை முகட்டுக்குப் பின்னாலிருந்து கிரகம் வெளியே வரும்போது யாரோ ஸ்விட்சைப் போட்டதுபோல முழு வெளிச்சத்தோடு வரும். முகட்டுக்கு அந்தப் பக்கம் எதிரியின் நிலம். காவல் நிற்பவன் இதை என்னவென்று நினைப்பான்?

கண்ணும் தன் பங்குக்கு ஏமாற்றும். சுற்றிலும் வேறு எதுவும் தெரியாத இருட்டில் ஒரு புள்ளியையே உற்றுப் பார்த்தால் அது அசைவதுபோலத் தோன்றும். வலப்பக்கம் போனது, நின்றது, திரும்பி வந்தது என்று மூன்று பேர் சத்தியம் செய்வார்கள். மூன்று பேருமே பொய் சொல்லவில்லை. இதற்கு நான் சொல்லிக் கொடுத்த வைத்தியம் ஒன்றுதான்: துப்பாக்கியை மண் மூட்டைமேல் அசையாமல் வைத்து, குறிமுனைக்கு நேரே அந்த ஒளியைக் கொண்டுவந்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பார். அது குறியை விட்டு ஒரே சீராகக் கொஞ்சம் நகர்ந்திருந்தால் பூமி சுழல்கிறது என்று அர்த்தம். மணிக்கு 15 பாகைதான் அந்தக் கணக்கு.

ஒரு குளிர்கால இரவை விவரமாகச் சொல்கிறேன். ஏரிக்குத் தெற்கே ஒரு போஸ்டில், தெற்குக் கணவாயின் தாழ்வான பகுதிக்கு மேலே, சிவப்பும் பச்சையும் வெள்ளையுமாக மாறி மாறி மின்னும் ஒளி வருகிறது என்று செய்தி. அரை மணிக்கு மேல் நின்றுவிட்டு மறைகிறது. சிவப்பும் பச்சையும் என்றால் விமானத்தின் இறக்கை விளக்குகள். ஹெலிகாப்டர் ஒன்று கணவாய்க்கு அப்பால் நின்று வேவு பார்க்கிறது என்பது போஸ்டில் பேச்சு. நான் போனபோது காவலில் இருந்தவன் ராணிப்பேட்டைப் பக்கத்துப் பையன்.

“அண்ணே, கண்ணாலே பார்த்தேன். ஆடுது, நிக்குது. நட்சத்திரம் இப்படி கலர் கலரா மின்னுமா?”

“தொடுவானத்துக்கிட்ட மின்னும் தம்பி. நேத்து எத்தனை மணிக்கு வந்துச்சு?”

அவன் லாக் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினான். பென்சிலால் எழுதியிருந்தான், மைப் பேனா அந்தக் குளிரில் உறைந்துவிடும். முதல் நாள் கணவாய்க்கு மேல் தெரிந்த நேரம், மறுநாள் தெரிந்த நேரம், அதற்கு மறுநாள் என்று வரிசையாக இருந்தது. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய நான்கு நிமிடம் முந்தி. அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. நட்சத்திரங்கள் தினமும் 3 நிமிடம் 56 நொடி முன்னதாக உதிக்கும். பூமி தன்னைச் சுற்றிக்கொண்டே சூரியனையும் சுற்றுவதால் வரும் வித்தியாசம் அது. எந்த ஹெலிகாப்டர் பைலட்டும் தினம் நான்கு நிமிடம் முந்திப் புறப்படும்படி அட்டவணை போட்டுக்கொள்ள மாட்டான்.

ஆனால் பாதி விடையை மேலே அனுப்ப முடியாது. சுமார் 5 கிலோமீட்டர் மேற்கே இருந்த அடுத்த போஸ்டுக்கு ஃபீல்டு டெலிபோனில் சொல்லி, ஒளி தெரிந்ததும் ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலிருந்தும் திசை எடுத்தோம். எங்களுக்கு 3,200 மில்லை ஒட்டி வந்தது. அதாவது நேர் தெற்கு. அவர்களுக்கும் அதேதான். அந்த ஒளி 20 கிலோமீட்டர் தூரத்தில் இருந்திருந்தால் இரண்டு அளவுக்கும் நடுவே 250 மில் வித்தியாசம் வந்திருக்க வேண்டும். கருவிப் பிழையாகப் பத்து மில்லை ஒதுக்கிக்கொண்டாலும் அது குறைந்தது 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். உயரக் கோணம் 60 மில்லுக்குச் சற்று மேல். 500 கிலோமீட்டரில் 60 மில் என்றால் 30 கிலோமீட்டர் உயரம். அந்த உயரத்தில் ஹெலிகாப்டர் பறக்காது.

பிறகு பஞ்சாங்கத்தைத் திறந்தேன். அந்த நேரத்தில் நேர் தெற்கே, தொடுவானத்தை ஒட்டி நிற்கக்கூடிய பிரகாசமான நட்சத்திரம் ஒன்றே ஒன்றுதான்: கனோபஸ். நம் ஊரில் அகத்தியர் என்று சொல்வோமே, அதுதான். வானத்திலேயே சிரியஸுக்கு அடுத்த பிரகாசமான நட்சத்திரம். ஆலங்காயத்தில் அது உச்சத்தில் 24 பாகை வரை ஏறும். லடாக்கில் நான்கு பாகையைக்கூடத் தொடாது. தாழ நிற்கும் நட்சத்திரத்தின் ஒளி காற்றின் அடுக்குகளில் நெடுந்தூரம் கடந்து வருவதால் நிறங்கள் பிரிந்து பிரிந்து மின்னும். சிவப்பும் பச்சையும் அங்கிருந்துதான் வந்தன. போஸ்ட் கமாண்டர் சாபிடம் காகிதத்தைக் காட்டி விளக்கினேன். அவர் அந்தப் பையனைத் தட்டிக்கொடுத்து, நேரத்தை விடாமல் எழுதியதற்காக எல்லோர் முன்னாலும் பாராட்டினார். சரியான செயல் அது. அவன் நாலு நாள் எழுதி வைத்திராவிட்டால் நான் போயும் பயனில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு அதே ஏரிக்கரை உலகச் செய்தியானது. 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை லடாக்கில் நம் வீரர்கள் அடையாளம் தெரியாத ஒளிகளை 329 முறை பதிவு செய்தார்கள். அவற்றில் 155 முறை அவை எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி நம் பக்கம் வந்ததாகக் குறித்தார்கள். சீன வேவு விமானங்கள் என்ற சந்தேகம். ராடாரும் ரேடியோ அலைகளை அலசும் கருவியும் கொண்டுவந்து வைத்தும் எதுவும் சிக்கவில்லை என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. கடைசியில் ராணுவம் பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தைக் கேட்டது. லடாக்கில் ஹான்லே வானாய்வு நிலையத்தை நடத்துவது அவர்கள்தான். கொடைக்கானலையும் எங்கள் ஜவ்வாது மலைக் காவலூரையும் நடத்துவதும் அவர்களே. வானியலாளர்கள் பதிவுகளைக் கணக்கிட்டுப் பார்த்துச் சொன்ன விடை: ஒன்று வியாழன், மற்றது வெள்ளி.

பதிவுகளின்படி ஒரு ஒளி மாலை ஆறு மணி வாக்கில் தோன்றி விடிகாலை ஐந்து வரை இருந்தது. இன்னொன்று அதிகாலை நான்கு மணிக்கு வந்து முற்பகல் பதினொன்று வரை இருந்தது. அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தோடு வைத்துப் பார்த்தால் இது அப்படியே பொருந்துகிறது. 2012 டிசம்பர் 3 அன்று வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வந்தது. சூரியன் மறையும்போது கிழக்கே உதித்து இரவு முழுக்க நிற்கும் நிலை. வெள்ளி அந்த ஜூன் 6 காலையில்தான் சூரியனின் முகத்தைக் கடந்தது. நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் கறுப்புக் கண்ணாடி வைத்துப் பார்த்த வெள்ளி இடைநகர்வு அது. அடுத்த சில வாரங்களில் விடிவெள்ளியாக மாறி, ஆகஸ்ட் நடுவில் சூரியனை விட்டு அதிகபட்சம் விலகி நின்றது. பிப்ரவரி வாக்கில் மறுபடி சூரிய வெளிச்சத்துக்குள் போய்விட்டது. வெயில் ஏறிய பிறகும் பதினொரு மணி வரை அதை விடாமல் பார்த்திருக்கிறார்கள் என்றால் அந்தக் காற்றின் தெளிவையும் அந்த வீரர்களின் கண்ணையும் நினைத்துப் பாருங்கள்.

2013 ஜூலையில் செய்தி வெளியானபோது உலகமே சிரித்தது. ஆறு மாதம் கிரகத்தைக் காவல் காத்த ராணுவம் என்று எழுதினார்கள். எனக்கு அது மனதை வருத்தியது, இன்றும் வருத்துகிறது. அந்த ஏப்ரலில்தான் டெப்சாங்கில் சீனப் படை கூடாரம் அடித்து மூன்று வாரம் உட்கார்ந்திருந்தது. அப்படிப்பட்ட எல்லையில் தெரியும் ஒளியை ‘நட்சத்திரமாக இருக்கும்’ என்று விட்டுவிடுகிறவன்தான் கடமை தவறியவன். அவர்கள் விடவில்லை. சுடவும் இல்லை. 329 முறையும் எழுதினார்கள். வானியலாளர்கள் விடை கண்டது அந்த எழுத்தை வைத்துத்தான். மாலை ஆறு, காலை ஐந்து என்ற அந்த நேரங்கள் இல்லாமல் உலகத்தின் எந்தத் தொலைநோக்கியும் பழைய ஒளியைத் திரும்பிப் பார்த்திருக்க முடியாது.

எழுதாமல் சுட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1942 பிப்ரவரி 24 இரவு சாட்சி. பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டு மூன்று மாதம்கூட ஆகாத நேரம். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் மேல் ஏதோ பறக்கிறது என்று அமெரிக்க விமான எதிர்ப்புப் பீரங்கிகள் விடியும் முன் 1,400-க்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டன. எதிரி விமானம் ஒன்றுகூட வரவில்லை. காற்றில் மிதந்த வானிலை பலூனும் போர்ப் பதற்றமுமே காரணம் என்று பின்னாளில் அவர்களின் விமானப்படை வரலாற்றாளர்கள் எழுதினார்கள். வெடித்த குண்டுகளின் புகையில் தேடுவிளக்கு பட்டு, அந்த வெளிச்சத்தைப் பார்த்து மேலும் சுட்டிருக்கிறார்கள்.

பதிவு பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் ரெண்டில்ஷாம் காடு. 1980 டிசம்பரில் அங்கிருந்த அமெரிக்க விமானப்படைத் தளத்தின் வீரர்கள் காட்டுக்குள் விநோத ஒளிகளைக் கண்டார்கள். தளத்தின் துணைத் தளபதி லெப்டினன்ட் கர்னல் சார்லஸ் ஹால்ட் கையில் டேப் ரெக்கார்டரோடு காட்டுக்குள் போனார். அது நல்ல வேலை. அந்த நாடாவில் ஒளி மின்னும் இடைவெளியை அளக்க முடிகிறது. அந்தப் பக்கத்துக் கடற்கரையில் அப்போது இருந்த ஆர்ஃபோர்ட்னெஸ் கலங்கரை விளக்கமும் ஐந்து நொடிக்கு ஒருமுறை மின்னியதுதான். ஆனால் அவர் பிறகு எழுதிய அறிக்கையில் முதல் சம்பவத்தின் தேதி ஒரு நாள் தள்ளி 27 என்று பதிவானது. உண்மைத் தேதியான 26-ம் தேதி விடிகாலையில் தெற்கு இங்கிலாந்து முழுக்கத் தெரிந்த பெரிய எரிகல் ஒன்று உண்டு. தேதி பிசகிய அறிக்கையை வைத்துக்கொண்டு தேடியவர்களுக்கு அது பொருந்தி வரவில்லை. அந்த வழக்கு இன்னும் பேசி முடியவில்லை.

எல்லா வெளிச்சமும் கிரகம் ஆகிவிடாது. சில நிமிடம் மட்டும் தெரிந்து விசிறிபோல விரியும் ஒளி என்றால் ராக்கெட்டை நினைக்க வேண்டும். 2022 டிசம்பர் 15 மாலை ஒடிசாக் கரையிலிருந்து அக்னி-5 ஏவப்பட்டபோது வங்காளத்தில் மக்கள் வானத்தைப் பார்த்துத் திகைத்தார்கள். தரையில் இருட்டு, ஆனால் அந்த உயரத்தில் இன்னும் வெயில். ஏவுகணையின் புகை அதில் ஒளிர்ந்தது. பல துண்டுகளாகச் சிதறி மெதுவாக வானத்தைக் கடந்தால் அது பூமிக்குத் திரும்பும் ராக்கெட் பாகம். 2022 ஏப்ரல் 2 அன்று மகாராஷ்டிரத்தின் மேல் அப்படி ஒன்று எரிந்து, சந்திரபூர் மாவட்டக் கிராமத்தில் உலோக வளையம் விழுந்தது. ஒரே கோட்டில் மணி கோத்த மாதிரி போனால் 2019 மே முதல் ஏவப்படும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். ஒவ்வொன்றையும் மற்றதிலிருந்து பிரிப்பது அதே மணி, திசை, உயரம்தான். அவற்றோடு எத்தனை நேரம் இருந்தது என்பதும்.

விடை கிடைக்காதவையும் உண்டு. அமெரிக்க விமானப்படையின் ‘புளூ புக்’ திட்டம் 1969-ல் மூடப்பட்டபோது கணக்கில் இருந்த 12,618 புகார்களில் 701 அடையாளம் காணப்படாமலே நின்றன. அவற்றை வேற்றுக் கிரகவாசிகளின் கணக்கில் எழுதுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ‘தகவல் போதாது, விடை தெரியவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதும் விசாரணையின் நேர்மையான முடிவுதான். இல்லாத விடையை மேலதிகாரிக்காக உண்டாக்குவது எல்லையில் ஆளைக் கொல்லும்.

இப்போது சேவையில் இருக்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது இது. புரியாத ஒளியைப் பார்த்தால் கூச்சப்படாமல் எழுதுங்கள். கேலி செய்யும் ஆள் இருந்தால் அவன் பெயருக்கு நேரே அவன் பார்த்ததையும் எழுதச் சொல்லுங்கள். போஸ்ட் கமாண்டர்களுக்குச் சொல்வது: புகார் சொன்ன சிப்பாயைப் பார்த்து ஒருமுறை சிரித்தீர்கள் என்றால், உண்மையாகவே டிரோன் வரும் இரவில் அவன் வாயைத் திறக்க மாட்டான். டிரோன்கள் உண்மையாகவே வரும் காலம் இது. ஒவ்வொரு போஸ்டிலும் அந்த மாதம் தெரியும் கிரகங்களின் உதய, அஸ்தமன நேரத்தை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். அரை மணி நேர வேலை அது.

ஊரில் இருக்கும் வாசகர்களுக்கும் இதே வேண்டுகோள். மொட்டை மாடியில் புரியாத வெளிச்சம் தெரிந்தால் செல்போனில் படம் எடுப்பதற்கு முன் மணியைப் பாருங்கள், எந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே என்று திசையைக் குறியுங்கள், முஷ்டியால் உயரத்தை அளந்து எழுதுங்கள். மறுநாள் அதே நேரத்தில், அதே இடத்தில் நின்று மறுபடி பாருங்கள். பெரும்பாலான மர்மங்கள் அந்த இரண்டாம் நாளில் தீர்ந்துவிடும். தீராத ஒன்று உங்களுக்குக் கிடைத்தால், அதை விசாரிக்க வருகிறவனுக்கு உங்கள் குறிப்பைப்போல உதவக்கூடியது வேறு எதுவும் இல்லை.